இருபத்தேழு

மாங்கனிக் கண்காட்சி முடிந்த
பத்துப் பன்னிரண்டு நாளில் வர ஆரம்பிக்கும்.
துணிப்பையில், டிபன் பாக்ஸில்,
ஒருமுறை ஹெல்மெட்டுக்குள் வைத்து.
"போகுதுக்கா, திரும்ப மாட்டேங்குது."
"திரும்புதுக்கா, போக மாட்டேங்குது."
முந்நூற்றைம்பது ரூபாய்க் காருக்கு
நூற்றிருபது கேட்டால் முகம் சுளிப்பார்கள்.
பர்கூர் ஜவுளிக்காரர் மட்டும் பேரம் பேசமாட்டார்.
பேரனுக்கு என்பார்.
பேரன் துபாயில் இருக்கிறான்.

உள்ளங்கையளவு வண்டி.
அடிவயிற்றில் மூன்று திருகு;
நாலாவது எப்போதும் தொலைந்திருக்கும்.
திறந்தால் தலைமுடி,
முன் அச்சில் சுற்றிய யாருடையதோ நீள முடி.
ட்வீசரால் உருவ உருவ வந்துகொண்டே இருக்கும்.
பாதி வண்டிகளுக்கு நோயே அதுதான்.
மீதிக்குப் பினியன்:
ஒன்பது பல்லில் ஒன்று போனால்
சுற்றுக்கு ஒரு விக்கல்.

சரிசெய்வதோடு நிறுத்த எனக்குத் தெரியாது.
பால்பேனா ஸ்பிரிங்கை நறுக்கி முன்சக்கரத்துக்கு.
சைக்கிள் ட்யூப்பை வளையமாக வெட்டிப் பின்சக்கரத்துக்கு.
செத்துப்போன ப்ளூடூத் ஹெட்செட்டிலிருந்து
சாகாத பேட்டரி.
பெரிய மோட்டார் போட்டால் மேடேறும்,
ஆனால் போர்டில் நாலு டிரான்சிஸ்டரும் கொதிக்கும்.
அவற்றின் முதுகில் இன்னும் நாலை ஏற்றி
மூச்சை அடக்கிப் பற்றவைப்பேன்.

ஓட்டிப் பார்க்க ஒரு கல் இருக்கிறது.
பாலிஷ் பேக்டரியில் கழித்துக் கட்டிய கறுப்புக் கிரானைட்,
ஏழடி நீளம், மூலையில் வெடிப்பு.
அப்பா எதற்காகவோ கொண்டுவந்து போட்டது.
எங்கள் பாகப் பத்திரத்தில்
கிணறு இருக்கிறது, நாலு தென்னை இருக்கிறது,
கக்கூஸுக்குப் போகும் பாதைகூட இருக்கிறது.
கல் இல்லை.
நகர்த்த ஆள் கிடைக்காமல்
சம்பங்கி அதன் மேலேயே சுவர் எழுப்பினான்.
எனக்கு மூன்றேகாலடி, அவனுக்கு மூன்றடி,
சுவருக்கு முக்கால்.
மழைத்தண்ணி போக அடியில் ஓர் ஓட்டை.
"பொம்பளைக்கு என்ன பங்கு" என்று கேட்டவன்
ஆறு வருடமாக வேறெதுவும் கேட்கவில்லை.

வெள்ளி ராத்திரி ஒன்றை முடித்து
கல்லில் வைத்து முன்னே அழுத்தினேன்.
என் வண்டி போனது.
சுவருக்கு அப்பாலும் ஒன்று போனது.
விட்டேன், நின்றது.
இடது அழுத்தினேன்:
அந்தப் பக்கம் தகர வாளியில் ணங்.
கண்காட்சியில் விற்ற அத்தனை காரின் வயிற்றிலும்
ஒரே எண், இருபத்தேழு.
"அப்பா, தானா ஓடுதுப்பா!"
"சும்மா படுடா லோகித்."

அமைதி.
பிறகு நான் தொடாமலே
என் வண்டி அரையடி துள்ளியது.
நின்றது. மறுபடி அரையடி.
பையன் என்றால் விடாமல் அழுத்துவான்.
இது தட்டித் தட்டிப் பார்க்கிற கை,
ஓசூரில் ஷிப்ட் முழுக்கப் பிரேக் சோதிக்கிற கை.
என் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.
வண்டிக்கு இடதுபக்கம் இழுக்கும் குணம் உண்டு;
இரண்டு வாரம் போராடியும் எனக்குச் சரிவரவில்லை.
இரண்டு தடவை சுவரில் மோதி,
மூன்றாவதில் ஓட்டைக்குள் புகுந்தது.
நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை கல்மேல் நின்றது,
மூக்கு என் பக்கம்.
திருப்பினால் நாலு திருகு.
நாலாவதும்!
ஸ்டியரிங்கில் ஒரு வாஷர்,
ஷாம்பூ பாக்கெட்டில் வட்டமாக வெட்டியது.
கையால் உருட்டினேன்.
நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது.
பேட்டரி இல்லை.
ஒயர் நுனிகளில் டேப் சுற்றி
ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறான்.

சாயங்காலத்திலிருந்து அந்தப் பக்கம்
ஒரு மோட்டார் என் பேட்டரியில் ஓடுகிறது.
கேட்டாலே தெரிகிறது,
பினியனுக்குக் கிரீஸ் போதாது.